நாலு மூலையும் வளைச்சு வெட்டுன மாத்திரை

அம்மிணி, சித்த இருங்க. அந்த மாத்திரைய வாயில போட்டுறாதீங்க. தண்ணி பாட்டிலை மூடி மடியில வெச்சுக்குங்க, நான் சொல்றத ஒரு நிமிசம் கேட்டுப்போட்டு அப்பறம் உங்க இஷ்டம். முன்னப் பின்னத் தெரியாதவ கையப் புடிக்கறாளேன்னு தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்தத் துண்டுல மருந்துப் பேரு இருக்குதா பாருங்க. இல்லீங்களே. பேரு இருந்த பக்கம் வேற ஆருக்கோ வெட்டுன துண்டோட போயிருச்சு. ஆரு குடுத்தாங்க? பக்கத்து வூட்டக்காளா? இடுப்புப் பிடிப்புக்கா? ஏனுங், அந்த அக்கா என்ன டாக்டருக்குப் படிச்சிருக்குதா?

கோவிச்சுக்காதீங்க, சிரிப்புக்குச் சொன்னேன். எங்க எறங்கறீங்க? அங்க ஸ்டேண்டுல வண்டி நிறுத்தியிருக்கறீங்களா? அப்பன்னா கண்டிப்பா வேண்டாம். பார்த்தா வலி மாத்திரையும் சதைப் பிடிப்பை எளக்கற மருந்தும் ஒண்ணாச் சேத்து வர்றதாட்டத் தெரியுது. தெரியுதுன்னுதான் சொல்றேன், அடிச்சுச் சொல்ல முடியலை. நாலு வருசமாத் திங்கறவ, எனக்கே பேரில்லாமச் சொல்ல முடியலை பாருங்க. அது இடுப்பை மட்டும் எளக்காதுங்க, ஆளையே எளக்கிப்போடும். கண்ணு தானாச் சொருகும். பையில போட்டு வெய்யுங்க.

நான் செங்காட்டுப்பாளையத்துல எறங்கோணும். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குது. ஒருத்தரோட வருசத் திதிக்குப் போறேன். ஒறம்பரை சொந்தம்னு இல்லீங்க, எங்க கம்பெனி வேன் ஓட்டுனவரு. நாச்சிமுத்துன்னு பேரு. நாப்பது வயசு ஆகலை.

என்ற பேரு மயிலாத்தா. பனியன் கம்பெனில ஓவர்லாக் மெஷின்ல உக்காந்து இருபத்திரண்டு வருசமாச்சு. குனிஞ்ச முதுகு குனிஞ்சபடிதான். நாலு வருசத்துக்கு முந்தி ஒரு நாள் எந்திரிக்க முடியாமப் போயி, ரெண்டு பேரு தூக்கிக்கிட்டுப் போனாங்க ஆசுபத்திரிக்கு. டாக்டரம்மா நல்லவங்க, உக்கார வெச்சு நிதானமாச் சொன்னாங்க. எனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி, இப்பக் கேட்டாலும் ஒரு சொல்லு மாறாமச் சொல்லுவேன். அஞ்சு நாளைக்குத்தான் போடோணும். சாப்பிட்டுப் போடோணும். தூக்கம் வரும், மெஷின்ல உக்காராதீங்க, வண்டி ஓட்டாதீங்க. குடிச்சவங்க தொடவே கூடாது. இதுகூட வேற வலி மாத்திரை எதையும் சேத்தக் கூடாது. உங்களுக்கு எழுதுனது உங்களுக்கு மட்டும்தான், அடுத்தவங்களுக்குக் குடுக்காதீங்க. வயிறு எரிஞ்சாலோ வெளிக்கி கருப்பாப் போனாலோ நிறுத்திப்போட்டு ஓடி வாங்க. அவ்வளவும் சொன்னாங்க.

நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். மெஷின்ல உக்காராதேன்னா நான் எங்க போயி உக்காரறது? அஞ்சு நாள் போட்டேன். அடடா, முதுகு இருக்கறதே மறந்து போச்சுங்க. ஆறாம் நாளு மறுக்காப் பிடிச்சுக்கிச்சு. கம்பெனிக்குப் பக்கத்துல ஒரு மருந்துக் கடையில காலி அட்டையக் காட்டுனேன், குடுத்தாங்க. டாக்டர் சீட்டு கேக்கலை. அப்பறம் அட்டை தீரத் தீரப் பழைய அட்டையக் காட்டி வாங்கிக்கறது. டாக்டரம்மாவை நான் மறுக்காப் பார்க்கவே இல்லை. பாவம், அவங்களுக்கு எத்தனை கூட்டம்.

எங்க லைன்ல முப்பத்தாறு பேருங்க. ஆருக்கு வலி இல்லைங்கறீங்க? ஒருத்திக்குத் தோள்பட்டை, ஒருத்திக்கு முழங்காலு. பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா? எனக்கு எளகுன மனசு. பிசிறு வெட்டற கத்தரி எந்நேரமும் என்ற கையிலதான இருக்குது. அட்டைய எடுத்து, ஒவ்வொரு மாத்திரையாத் துண்டு துண்டா வெட்டி, ஒரு பழைய பவுடர் டப்பாவுல போட்டு மெஷினுக்கு அடியில வெச்சிருப்பேன். கேக்கறவங்களுக்கு ஒண்ணு. அந்தத் தகரத்தாளோட முனை கையக் கிழிச்சுப்போடும் பாருங்க, அதுக்காக நாலு மூலையும் வளைச்சு வெட்டுவேன். காலர் வளைவு வெட்டறாப்பல. வேற ஆரு அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்வாங்க? எல்லாரும் மயிலக்கா மாத்திரைன்னுதான் சொல்லுவாங்க. குடுக்கறப்ப நான் ஒண்ணு மட்டும் மறக்காமச் சொல்லிப்போடுவேன். சாப்பிட்டுப் போடு கண்ணுன்னு சொல்லுவேன். சொல்லாமக் குடுத்ததே கெடையாது.

அது ஒரு சனிக்கிழமைங்க. சம்பள நாளு. எங்க ஊர்ல சனிக்கிழமை பொழுதோட ஆம்பளைக எங்க நிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா. ஆனா நாச்சிமுத்து அப்படி இல்லை. முன்ன குடிச்சவருதான், மறைக்கறதுக்கு என்ன இருக்குது. அஞ்சு வருசத்துக்கு முந்தி மாலை போட்டு மலைக்குப் போயிட்டு வந்தவரு, அதோட விட்டுப்போட்டாரு. வெடியால அஞ்சு மணிக்கு வேனை எடுத்தா ஊரு ஊராப் போயி எங்களைக் கூட்டியாந்து விடோணும். பொழுதோட மறுக்காக் கொண்டுபோயி விடோணும். அவருக்குப் பொடனி வலி. பின்னங்கழுத்துல கல்லு வெச்சு அழுத்தறாப்பல இருக்குதுங்க்கான்னு சொல்லுவாரு. தலைய இக்கட்டால திருப்புனா அக்கட்டால இழுக்கும்.

அன்னிக்கு நாலு மணிக்கு டீ மணி அடிச்சாங்க. என்ற மெஷின் சன்னல் ஓரம். சன்னலுக்கு வெளீல வேன் நிக்கும். அவரு வந்து சன்னல்ல கைய நீட்டுனாரு. அக்கா, ஒண்ணு குடுங்கன்னாரு. குடுத்தேன். சாப்பிட்டாச்சான்னு கேட்டேன், ஆச்சுன்னாரு. அவ்வளவுதான். நானாக் கூப்பிட்டுக் குடுக்கலைங்க, அவராத்தான் கேட்டு வாங்குனாரு. டாக்டரைப் பார்த்தாரா, வேற மாத்திரை ஏதாச்சும் போட்டிருந்தாரா, அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? அவரு சொன்னாத்தான தெரியும்.

அஞ்சரைக்குக் கம்பெனி விட்டாச்சு. ஒவ்வொருத்தரா எறங்கிக்கிட்டே வந்தாங்க. கடைசியா எறங்கறவ நாந்தான். நான் எறங்கறப்பப் பாட்டில்ல இருந்த தண்ணிய மூஞ்சில ஊத்திக்கிட்டாரு. வெயிலுக்குன்னு நெனைச்சேன். சித்திரை வெயிலு, ஆரு நெனைக்க மாட்டாங்க? சன்னல்ல தலைய நீட்டி, பொடனி நெம்பத் தேவலைங்க்கா, உங்க மாத்திரை மாத்திரைதான்னாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. அது பொய் இல்லீங்க, பெருமையாத்தான் இருந்துச்சு.

அதுக்கு அக்கட்டால ரெண்டு மைல்ல ரோடு திரும்புது, வேன் திரும்பலை. நேராப் போயி வாய்க்கால்ல எறங்கிருச்சு. பிரேக்கே போடலைன்னாங்க.

பார்த்தவங்க எல்லாரும் ஒரே சொல்லாச் சொல்லிப்போட்டாங்க. சனிக்கிழமை, சம்பள நாளு, ஊத்தியிருப்பான். ஆசுபத்திரில அறுத்துப் பார்த்துக் குடிக்கலைன்னு எழுதிக் குடுத்தாங்க. ஊரு வாயி காகிதத்தப் படிக்குமா? அவரோட அம்மா இருக்குதே, அது அழுதுக்கிட்டே சொல்லிப்போடுச்சு, இவ வெடியால சண்டை கட்டி வேலைக்குத் தாட்டி விட்டா, அந்த வெசனத்துல எம் பையன் மறுக்காக் குடிச்சுப்போட்டான்னு. இவங்கறது பொண்டாட்டி. துளசிமணி. அன்னிக்குச் சண்டை கட்டுனது நெசந்தானுங்க, ஏதோ கேஸ் சிலிண்டர் சொல்லி வெக்கலைங்கற சண்டை. எந்த வூட்ல இல்லாதது? ஆனா அந்தச் சொல்லு அவ மேல அப்படியே ஒட்டிக்கிச்சு. ஒரு வருசமா அந்த வூட்ல மாமியாக்காரி அவ கையில சோறு வாங்கித் திங்கறதில்லை. புருசனைக் குடிக்க வெச்சுக் கொன்னவன்னு பேரு.

நான் மட்டுந்தான் அம்மிணி, சாவு வூட்ல எந்திரிச்சு நின்னு, அவரு குடிக்கலை, சத்தியமாக் குடிக்கலைன்னு சொன்னவ. அவ வந்து என்ற காலைக் கட்டிக்கிட்டா. எல்லாரும் சொல்றப்ப உனக்கு மட்டும் எப்படிக்கா அத்தனை நிச்சயமாத் தெரியுதுன்னு கேட்டா. மனசு சொல்லுதுன்னேன். அன்னைலருந்து அவளுக்கு நாந்தான் கூடப் பொறந்தவ. வாரத்துக்கு ஒருக்காப் போன் பண்ணுவா. அக்கா, நீங்க ஒருத்தியாச்சும் நம்பறீங்களேம்பா.

அவரு சட்டைப் பையில ஒரு காலி மாத்திரைத் துண்டு கெடந்துச்சாமா. போலீசுக்காரங்க திருப்பிக் குடுத்த துணிமணில இருந்துச்சு. அத அவ சுருக்குப் பையில வெச்சுக்கிட்டு மருந்துக் கடை கடையா ஏறி எறங்குனா. ரெண்டு எழுத்தும் ஒரு செவப்புக் கோடும் இருக்குது, இத வெச்சு என்னம்மா சொல்றதுன்னு எல்லாக் கடையிலயும் தாட்டி விட்டுட்டாங்க. எனக்குக் கொண்டாந்து காட்டுனா. உள்ளங்கையில வெச்சா. அக்கா, நீங்க துணி வெட்டறவங்க, உங்களுக்குத் தெரியும், மருந்துக் கடைக்காரன் இப்படி வெட்டுவானா, நாலு மூலையும் எத்தனை அழகா வளைச்சு வெட்டியிருக்குது பாருங்க, இத ஆரோ அக்கறையாக் குடுத்திருக்கறாங்க, ஆருன்னு தெரிஞ்சா கூட்டியாந்து எங்க மாமியா முன்னால நிறுத்திப்போடுவேன், அந்த மாத்திரைதான் தூங்க வெச்சுது, சாராயம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்னா. கோவமாக்கூடச் சொல்லலைங்க. கும்புடறாப்பல சொன்னா.

நான் கண்ணாடியப் போட்டுப் பார்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தெரியலை கண்ணுன்னுட்டேன்.

சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. முப்பத்தாறு பேருக்குக் குடுத்திருக்கறேன், ஒருத்திக்கு ஒண்ணு ஆகலை. அவரு ஒருத்தருக்கு ஆச்சுன்னா அது என்ற குத்தமா? அவரு வூட்ல டாக்டர் எழுதிக் குடுத்த அட்டை ஒண்ணு இருந்துச்சு, மஞ்ச மாத்திரை. அதோட பேரை மனசுல எழுதிக்கிட்டு வந்து மருந்துக் கடைப் புள்ளைகிட்டச் சொல்லி, என்ற மாத்திரையையும் காட்டுனேன். என்றது ரோஸ் கலரு. அந்தப் புள்ள பார்த்துப்போட்டு, ரெண்டும் ஒரே மருந்துதானுங்க்கா, கம்பெனிதான் வேற, கலருதான் வேறன்னுச்சு. ரெண்டையும் நாலு மணி நேரத்துக்குள்ள போட்டா என்ன கண்ணு ஆகும்னேன். ஐயோ, போடக் கூடாதுங்க்கா, ரெண்டு மடங்காப் போயிரும், ஏன், போட்டுட்டீங்களான்னு பதறுச்சு. இல்ல கண்ணு, சும்மா கேட்டேன்னுட்டு வந்துட்டேன்.

என்ன கேக்கறீங்க? மஞ்ச மாத்திரைய அவரு எந்நேரத்துக்குப் போட்டாருன்னு எனக்கெப்படித் தெரியும்னா?

நாலு மணி நேரம்னு நான் சொன்னனா. ம்.

நீங்க நல்லாக் கவனிச்சுக் கேக்கறீங்க அம்மிணி. இத்தனை நாளு ஆரும் இப்படிக் கேக்கலை.

அவரு கைய நீட்டலைங்க. சன்னலுக்கு வெளீல பொடனியப் புடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தாரு, அவ்வளவுதான். நாந்தான் கூப்பிட்டேன். நாச்சிமுத்து, இங்க வாங்கன்னேன். டப்பாவத் தொறந்து ஒண்ணு எடுத்தேன். வேண்டாங்க்கா, நேத்துத்தான் டாக்டரைப் பார்த்தேன், மஞ்ச மாத்திரை ஒண்ணு குடுத்திருக்கறாங்க, மத்தியானம் சாப்பிட்டுப் போட்டேன், மறுக்கா ராத்திரிதான் போடச் சொன்னாங்கன்னாரு. வலி இன்னும் கேக்கலைன்னாரு. மஞ்சளெல்லாம் கேக்காதுங்க, அது வேற, இது வேற, இத்தனை பேரு திங்கறாங்க, நான் என்ன உங்களுக்குக் கெடுதலா பண்ணப் போறேன்னேன். துண்டைத் திருப்பிப் பார்த்தாரு. பேரு இல்லையேக்கான்னாரு. பேரு என்னத்துக்கு, நான் இருக்கறனேன்னு சொல்லி, அவரு கையப் புடிச்சு, உள்ளங்கையில வெச்சு, வெரலை மடக்கி விட்டேன். இப்ப உங்க கையப் புடிச்சனே, அப்படித்தான்.

இத நான் ஆருகிட்டயும் சொன்னதில்லை. என்ற வூட்டுக்காரர்கிட்டக்கூட.

நாலு மணி டீ மணி அடிச்சா நான் இப்பல்லாம் சன்னல் பக்கம் திரும்பறதில்லைங்க. திரும்புனா ஒரு கை வரும். மூடுன கை. வெரல் மடக்குனபடியே இருக்கும். பேசாது, கூப்பிடாது, தொறக்கவும் தொறக்காது. சூப்பர்வைசர்கிட்டக் கெஞ்சி மெஷினை நடுவுல மாத்திக்கிட்டேன். அங்க சன்னலே இல்லை. அங்கயும் மேஜைக்கு அடியில இருந்து அந்தக் கை வருது. பயமா இருக்குதுங்க. இந்த வயசுல பகல்ல பயப்படறேன்னு சொன்னாச் சிரிப்பாங்க. மாத்திரை போட்டாத்தான் அது வராது. அதனால வெடியால ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, படுக்கறப்ப ஒண்ணு போடறேன். வயிறு திகுதிகுன்னு எரியுது. வெளிக்கி தார் மாதிரி கருப்பாப் போகுது ஒரு மாசமா. சூடுங்க, மெஷின் சூடு. மோர் குடிச்சாச் சரியாப் போயிரும்.

என்ன அப்படிப் பார்க்கறீங்க? ஆமா, டாக்டரம்மா சொன்னதுதான், நாந்தான் உங்களுக்கு இப்பச் சொன்னேன். அது அவங்க பொதுவாச் சொன்னது.

மத்தவங்களுக்கு இன்னும் குடுக்கறனான்னா, குடுக்கறதில்லைங்க. நிறுத்திப்போட்டேன். போன வாரம் ஒருத்தி தோளு வலி தாங்காம மெஷின் மேலயே கவுந்து அழுதா, அவளுக்கு மட்டும் ஒண்ணு குடுத்தேன். பார்த்துக்கிட்டு எப்படி இருக்கறது? ஆனா மூலைய வளைக்காமக் குடுத்தேன்.

இன்னைக்குத் துளசிமணி என்னை எதுக்கு வரச் சொன்னான்னு தெரியுங்களா? நேத்துப் போன் பண்ணுனா. அக்கா, வருசத் திதிக்கு எல்லாரும் வர்றாங்க, எங்க மாமியா, மச்சாண்டாரு, பங்காளிக எல்லாரும் இருப்பாங்க, படையல் போட்டுப்போட்டு நான் கேப்பேன், அன்னிக்குச் சாவு வூட்ல சொன்னாப்பல நீங்க எந்திரிச்சு மறுக்காச் சொல்லோணும், அவரு குடிக்கலைன்னு. உங்க ஒரு சொல்லுக்குத்தான் அவங்க கொஞ்சமாச்சும் தலையாட்டுனாங்க. பஸ் நிக்கற இடத்துல வந்து நிக்கறேன் அக்கா, கையோட கூட்டிக்கிட்டுப் போறேன்னா. சரி கண்ணுன்னேன். வெடியால குளிச்சு, பூ வாங்கி, இதா இந்தப் பையில வாழைப்பழமும் சூடமும் வாங்கிக்கிட்டுத்தான் ஏறுனேன். அவரு குடிக்கலைன்னு சொல்றது செரமமே இல்லைங்க. எத்தனை வாட்டி வேணாலும் சொல்லுவேன். எப்படித் தெரியும்னு அவ மாமியா ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டுதுன்னா?

அதுக்கு மேல ஒரு வாக்கியந்தான். நாந்தான் குடுத்தேன்னு. அத வூட்ல கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பார்த்தேன். சாப்பிட்டுப் போடச் சொன்னேன்னுதான் வாயில வருது.

இது மூணாவது வாட்டிங்க. ஆடிக்கு ஒருக்கா வரச் சொன்னா, தீவாளிக்கு ஒருக்கா வரச் சொன்னா. ரெண்டு வாட்டியும் பஸ்ஸு ஏறுனேன்.

வேகம் கொறையுதா? செங்காட்டுப்பாளையம்தான். அதா, அந்த வேப்பமரத்துக்குக் கீழ, பச்சைச் சீலை, அவதான். எளைச்சுப் போயிட்டா. இடுப்புல சுருக்குப் பைய ஒரு கையில புடிச்சுக்கிட்டே நிக்கறா பாருங்க. அந்தத் துண்டை அது உள்ளதான் வெச்சிருக்கறா.

கொஞ்சம் காலை ஒதுக்குங்க அம்மிணி, எறங்கிக்கறேன்.

இல்லை, வேண்டாம். ஒதுக்காதீங்க. அப்படியே உக்காருங்க, நீங்க சன்னல் பக்கமாச் சாஞ்சுக்குங்க, நான் குனிஞ்சுக்கறேன். முன்னால படில பார்க்கறா. இப்பப் பின்னால வர்றா, ஒவ்வொரு சன்னலாப் பார்த்துக்கிட்டு. உங்களைப் பார்த்தா நீங்க பாட்டுக்கு இருங்க, உங்களை அவளுக்குத் தெரியாது.

விசில் ஊதிட்டாங்களா? நகருதா?

நிக்கறாளா இன்னும்? சரி.

பையில வாழைப்பழம் இருக்குது, ஒண்ணு எடுத்துக்குங்க அம்மிணி. வெறும் வயித்துல இருக்காதீங்க. நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வந்துருவேன். இல்லீன்னா பார்த்துக்கலாம். பொம்பளைகளுக்குத்தான் இந்த பஸ்ஸுல டிக்கெட்டுக்குக் காசு இல்லையே, கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போகலாம். ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.